சாணத்தைப் புதைக்கும் வண்டு

சாண வண்டு என்றதும் உருண்டை உருட்டிச் செல்லும் பூச்சியே அங்கத்தினர்களின் நினைவுக்கு வரும். உருட்டாமல், சாணம் விழுந்த இடத்திலேயே மண்ணைக் குடைந்து புதைக்கும் இனங்களும் உள. அவற்றுள் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கெஸெல்லா வண்டின் வரலாறு கால்நடை வைத்திருப்போர் அறியத்தக்கது.

ஆஸ்திரேலியாவில் 1788-ஆம் ஆண்டுக்கு முன் மாடுகளே இல்லை. அந்நாட்டு வண்டுகள் கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை. ஆகவே மாட்டுச் சாணம் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து புல்லை மறைத்தது. ஈரம் உள்ளவரை அதில் ஈக்கள் பெருகின. இதனைக் கவனித்த ஜார்ஜ் போர்னமிஸ்ஸா என்னும் பூச்சியியலார், அயல்நாட்டு வண்டுகளைக் கொணரலாம் என்றார். 1968-இல் குவின்ஸ்லாந்தில் கெஸெல்லா விடப்பட்டது. பின்னர் வந்தவற்றையும் சேர்த்து இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் அங்கு நிலைபெற்றுள்ளன.

நீளம் சுமார் 1 சென்டிமீட்டரே. அந்தி மங்கியபின் பறந்து புதுச்சாணத்தைத் தேடும். அதன் அடியில் வளை தோண்டி, சாணத்தைக் கட்டியாக அடைத்து, கட்டிக்கு ஒரு முட்டையாக இடும். புழு உள்ளிருந்தே அதனைத் தின்று, வெப்பகாலத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளிவரும். தழைச்சத்து வேரருகே சேர்கிறது. வளை வழியே மழைநீர் இறங்குகிறது. கூலி கேளாத பண்ணையாள்!

நம் மண்ணிலும் புதைக்கும் வண்டுகள் உண்டு. குடற்புழுவிற்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்து சாணத்தோடு வெளியேறி அவற்றின் புழுக்களைக் கொல்லும். எனவே மந்தை முழுவதற்கும் வழக்கமாகப் போடாமல், கால்நடை மருத்துவர் சாணத்தைச் சோதித்துத் தேவை என்று கூறும் மாட்டிற்கு மட்டும் போடுக. போட்ட மாட்டை முதற்சில நாட்கள் மேய்ச்சலுக்கு ஓட்டாமல் தொழுவத்தில் கட்டலாம்.