அதே ஜெபக்குறிப்பு

கெலாங் பாத்தாவில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் இரவு எட்டரைக்கு முன் தொடங்குவதில்லை. சிங்கப்பூரின் துவாசில் வேலை முடித்து, இரண்டாவது பாலத்தில் மோட்டார் சைக்கிளில் திரும்புகிறவர்கள் குளித்துவிட்டு வர வேண்டுமே! 1998-இல் அந்தப் பாலம் திறந்ததிலிருந்து இங்கே பல வீடுகளின் கடிகாரமே மாறிவிட்டது. விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சத்தம். இரவு பத்துக்குள் விளக்கணைப்பு. நான் போன கூட்டம் ஒரு தாமான் வீட்டின் முன்னறையில் நடந்தது. நாற்காலிகள் பன்னிரண்டு, ஆட்கள் ஏழு பேர்.

ஜெபக்குறிப்புகள் கேட்டபோது ஓர் அக்கா மடியிலிருந்த பிளாஸ்டிக் கோப்பைத் தட்டினார். அறுபதைத் தாண்டியவர்தான், ஆனாலும் எல்லாருக்கும் அக்கா. "அதே விஷயந்தான்" என்றார். யாரும் விளக்கம் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவர், அந்தக் காலத்தில் யாரும் பிறப்புப் பத்திரம் எடுத்து வைக்கவில்லை. கையில் இருப்பது நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை. குடிமக்களுக்கான நீல அட்டை கேட்டு நான்கு தடவை எழுதிப் போட்டிருக்கிறார். நான்கும் அந்தக் கோப்பில் இருக்கின்றன, பதில் கடிதங்களோடு.

அன்றைக்குப் பேசிய ஐயா எடுத்துக்கொண்டது லூக்கா 18-ஆம் அதிகாரம். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத ஒரு நீதிபதி. அவனிடம் நியாயம் கேட்டு ஓயாமல் வரும் ஒரு விதவை. கடைசியில் அவளுடைய தொந்தரவு தாங்காமல்தான் அவன் இறங்கி வருகிறான். சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு இயேசு சொன்ன உவமை இது. கேட்டுப் பழகிய கதை. ஆனால் அந்தக் கோப்பைப் பார்த்த பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. அந்த விதவை வீட்டுக்குள் முழங்காலில் இருக்கவில்லை. நடந்து போய் வாசலில் நிற்கிறாள், திருப்பி அனுப்பப்படுகிறாள், மறுபடி போகிறாள். ஜெபத்துக்கு இயேசு கொடுத்த படம், கவுண்டர் முன்னால் நிற்கும் ஒரு பெண்.

சோர்வைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மைக் கதைகளில் பெரியது, சென்னைக்கு வடக்கே ஒங்கோலில் நடந்தது. அமெரிக்க பாப்டிஸ்டுகள் 1836-இல் தெலுங்கு மக்களிடையே ஊழியம் தொடங்கி, 1840-இல் நெல்லூரில் நிலைகொண்டார்கள். வருஷங்கள் போயின, சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1853-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் கூடிய அவர்களுடைய மிஷன் சங்கத்தார் இந்த ஊழியத்தை மூடிவிடலாமா என்று விவாதித்தார்கள். வரைபடத்தில் தனியே கிடந்த நெல்லூரை யாரோ ‘ஒற்றை நட்சத்திரம்’ என்று சொல்ல, சாமுவேல் ஸ்மித் என்ற போதகர் அன்றிரவே அதை வைத்து ஒரு கவிதை எழுதி மறுநாள் காலை வாசித்தார். மூடும் பேச்சு அடங்கிற்று. கணக்கு வழக்கால் ஆகாததைச் சில சமயம் ஒரு கவிதை செய்துவிடுகிறது.

ஆல்பனியில் நடந்தது நெல்லூருக்கு உடனே தெரிந்திருக்காது, கடிதம் கடல் தாண்டி வர வேண்டும். 1854 ஜனவரி முதல் தேதி விடியலில் ஒங்கோலுக்குப் பக்கத்துக் குன்றில் ஐந்து பேர் ஏறினார்கள்: மிஷனரி லைமன் ஜூவெட், அவர் மனைவி, நரசு, ஜூலியா, ரூத். கீழே தெரிந்த ஊருக்கு ஒரு ஊழியரை அனுப்பும்படி ஒருவர் பின் ஒருவராக ஜெபித்தார்கள். ‘ஜெபக்கூட்டக் குன்று’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வெள்ளைக்காரர் இருவரின் வாழ்க்கை புத்தகங்களில் இருக்கிறது. மற்ற மூவரும் பெரும்பாலும் இந்தக் காட்சியில் வந்து பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அவர்களைப் பற்றித்தான் படிக்க ஆசை.

கேட்ட ஊழியர் ஒங்கோலில் குடியேறியது 1866-இல். பன்னிரண்டு வருஷம்! இடையில் மூடும் பேச்சு இன்னொரு தடவை எழுந்தது. உடல்நலம் கெட்டு அமெரிக்கா போயிருந்த ஜூவெட், நீங்கள் அனுப்பாவிட்டாலும் நான் தனியாகத் திரும்பிப் போவேன் என்று நின்றார். அவரோடு அனுப்பப்பட்டவர்தான் ஜான் கிளஃப்.

கிளஃப் எதிர்பார்த்தது மேல்சாதியாரை. பள்ளிக்கூடம் திறந்தார், பிராமணப் பிள்ளைகள் வந்தார்கள். வந்து கதவைத் தட்டியதோ, தோல் வேலை செய்யும் மாதிகர். அவர்களைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று மேல்சாதியார் சொல்லிவிட்டார்கள். கிளஃப் மாதிகரின் பக்கம் நின்றார். அவர்களில் முதல்வர் எர்ரகுண்ட்ல பேரய்யா. மிஷனரி வருமுன்பே யோகிகளிடம் உண்மை தேடி அலைந்த மனிதர். 1867 ஜனவரியில் அவர் ஊரில் 28 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். வழி திறந்தது ஜெபித்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்த வாசலில் அல்ல, கொல்லைப்புறத்தில்.

பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது. மலாயாத் தமிழர் வரலாற்றிலும் அது ஒரு கோடு. அந்த வருஷங்களில் பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் பினாங்குக்கு எதிரே கரும்புத் தோட்டங்களில் இறங்கினார்கள். ஒங்கோலில் கிளஃப், பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்தார். போதகர்கள் மேஸ்திரிகளாக நின்று ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி வேலை கொடுத்தார்கள். கிறிஸ்தவர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கூட்டம் கூட்டமாக வந்தவர்களை கிளஃப் சேர்க்கவில்லை. நிவாரணம் நடந்த காலத்தில் பதினைந்து மாதம் ஒருவருக்கும் ஞானஸ்நானம் இல்லை. ‘சோற்றுக்காக வந்தவர்கள்’ என்ற பேச்சு எழும் என்று அவருக்குத் தெரியும், அந்தச் சந்தேகம் அவருக்கே இருந்தது. வேலை முடிந்து, கொடுக்க இனி ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3-ஆம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர். ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் ஆறு தெலுங்குப் போதகர்கள், முறைவைத்து இருவர் இருவராக ஆற்றில் இறங்கி.

இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாட்சி நேரத்தில் எண்ணிக்கையை எடுத்துவிட்டால், கேட்கிறவர்கள் மனதுக்குள் தங்கள் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பார்கள், ஏழு பேர் இருக்கிற அறையில் அது வலிக்கும். கூடவே, ஒங்கோலில் ஜெபித்தவர்கள் கேட்டது ஒரு ஊழியரை. நடந்தது ஒரு சாதியின் எழுச்சி, அதுவும் ஒரு கொடும் பஞ்சத்தைக் கடந்து. அதை ‘ஜெபத்துக்குக் கிடைத்த பதில்’ என்று ஒரே வரியில் அடைக்க எனக்குத் தயக்கம்.

கூட்டம் முடிந்து தே ஓ வந்தது. அக்காவிடம், இத்தனை தடவை இல்லை என்ற பிறகு ஜெபிக்க எப்படி மனசு வருகிறது என்று கேட்டேன். "மனசு வராத நாளும் உண்டு தம்பி. அன்னிக்கு இவங்க ஜெபிப்பாங்க, நான் சும்மா உக்காந்திருப்பேன்" என்றார்.

அதற்குள் முன்வீட்டுப் பையன் வந்து, திங்கட்கிழமை லீவு எடுத்துவிட்டதாகவும் காலை ஏழுக்கே காரை எடுக்க வேண்டுமென்றும் சொன்னான். அக்காவின் ஐந்தாவது நீல அட்டை விண்ணப்பம். படம் இரண்டு வேண்டுமா நான்கா என்று இருவரும் கோப்பைத் திறந்து எண்ணத் தொடங்கினார்கள்.