சிலை போயாச்சு, பணம் வரல... லாபம் எவ்வளவு? கேஷ், அக்ரூவல் கணக்கு வித்தியாசம் இதுதான்!

மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பட்டறைகளுக்கு ஒரு பழைய தலைவலி இருக்கிறது. மார்ச்சில் அனுப்பிய சிலைக்கு ஜூனில் பணம் வந்தால், அது எந்த வருஷத்து வருமானம்?

ஒரு உதாரணம். சென்னை ஏற்றுமதி நிறுவனம் ஒன்று 6 லட்சம் ரூபாய்க்கு சிலைகள் ஆர்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் அட்வான்ஸ் 2 லட்சம். மார்ச் 10-ல் சிலைகள் போய்ச் சேர்ந்து, பில்லும் போட்டாச்சு. கூலி 1.5 லட்சம் கொடுத்தாச்சு. கல் வாங்கிய 1 லட்சம் பாக்கி.

கேஷ் பேசிஸில் கைக்கு வந்ததும் போனதும் மட்டும்தான் கணக்கு. மார்ச் 31 அன்று லாபம் 50 ஆயிரம். அக்ரூவல் பேசிஸில் சிலை கைமாறியதுமே 6 லட்சமும் வருமானம், கல் கடனும் செலவு. லாபம் 3.5 லட்சம்! கையில் இருப்பதோ அதே 50 ஆயிரம்தான்.

வராத பணத்தை வருமானமாக எழுதுவது விநோதமாக இருக்கா? செங்கல்பட்டு நகராட்சியும் அதைத்தான் செய்கிறது. தமிழக நகராட்சிகள் 2000-ம் ஆண்டுவாக்கிலேயே அக்ரூவலுக்கு மாறிவிட்டன. நீங்கள் கட்டாத சொத்து வரியும் அங்கே வருமானம்தான். பாக்கி எவ்வளவு என்பது பளிச்சென்று தெரியும். மாநில அரசின் கணக்கு இன்னும் கேஷ் பேசிஸ்தான்.

சொந்தத் தொழில் செய்பவர் வருமான வரிக்கு இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். ஆனால் லாபத்தைப் பார்த்து வருஷத்துக்கு ஒன்றாக மாற்ற முடியாது. கம்பெனிகளுக்கு 2013 கம்பெனிகள் சட்டப்படி அக்ரூவல் கட்டாயம்.

இதில்தான் சிற்பிகள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கு. முன்பு அந்த ஏற்றுமதி நிறுவனம் பணமே தராமல் முழுத் தொகையையும் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடிந்தது. 2023-24 நிதியாண்டு முதல் அது நடக்காது. குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு 15 நாளில் பணம் தர வேண்டும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். தவறினால், பணம் கொடுத்த வருஷத்தில்தான் அது செலவு. நம்ம உதாரணத்தில் 45 நாள் ஏப்ரல் 24-ல் முடிகிறது. ஜூனில் கொடுத்தால் மீதி 4 லட்சம் அடுத்த வருஷக் கணக்குக்குப் போய்விடும்.

பெரிய வாடிக்கையாளரிடம் பாக்கி கேட்கக் கூச்சப்படுவோர் இதைச் சொல்லியே கேட்கலாம். அதற்கு பட்டறைக்கு உத்யம் பதிவு இருக்க வேண்டும். அந்த எண்ணை பில்லிலேயே அச்சடித்துவிடுவது நல்லது.