கட்டி முடித்த கடனுக்கு ஒரு கடிதம்

காலை நிகழ்ச்சியில் பணம் பற்றிப் பேசும் நாள்களில் நேயர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடன முழுசா கட்டிட்டேன். ஆனா பேங்க்ல என் பேரு இன்னும் கறுப்புப் பட்டியல்ல இருக்குன்னு சொல்றாங்களே, எப்படி?"

கறுப்புப் பட்டியல் என்று நாம் பயப்படும் பட்டியல் நாட்டில் எங்கும் இல்லை. இருப்பவை கடன் அறிக்கைகள். ஒன்று, பேங்க் நெகாராவின் சிசிரிஸ். நம் பெயரில் உள்ள கடன்களையும், கடந்த 12 மாதங்களில் தவணையை எப்படிக் கட்டினோம் என்பதையும் அது காட்டும். பிடிபிடிஎன் கல்விக் கடனும் அதில் வரும். இன்னொன்று, சிடோஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் தரும் அறிக்கை. நீதிமன்ற வழக்கு, திவால் விவரம், வாணிபப் பாக்கி போன்றவை அதில் இருக்கும். இவற்றைப் படித்துவிட்டுக் கடன் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது வங்கிதான்.

தொடர்ந்து ஒழுங்காகக் கட்டிவந்தால், சிசிரிஸில் தவறிய மாதங்கள் ஓராண்டில் பார்வையிலிருந்து நகர்ந்துவிடும். தலைவலி கொடுப்பவை பழைய வழக்குகள்.

என் அத்தை மகனுக்கு நடந்தது இது. வேலை போனதில் கார் தவணை நின்றது. வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஏலத்தில் விற்ற பிறகும் 14,000 ரிங்கிட் பாக்கி. வங்கி வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கியது. மாதம் 300 ரிங்கிட் என்று ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கட்டி, 2019-இல் முடித்தார். கடைசித் தவணை அன்று அத்தை பாயசமே வைத்துவிட்டார்.

2023-இல் கல்யாணத்துக்குப் பிறகு ரவாங்கில் ஒரு வீடு பார்த்து, கடனுக்கு மனுப் போட்டார்கள். மறுத்துவிட்டார்கள். அறிக்கையை வாங்கிப் பார்த்தால் அந்த வழக்கு அப்படியே நிற்கிறது. தீர்ந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

காரணம் எளியது. அவர் வழக்கறிஞர் அலுவலகத்தில் கட்டினார். அவர்கள் வங்கிக்கு அனுப்பினார்கள். அறிக்கை நிறுவனத்துக்கு யாரும் சொல்லவில்லை. ரசீதுகள் ஒரு மைலோ டின் நிறைய இருந்தன. ஆனால் ரசீது பணம் கட்டியதற்குத்தான் சாட்சி. கடனே தீர்ந்தது என்பதற்குக் கடன் கொடுத்தவர் எழுதித் தரும் தீர்வுக் கடிதம் வேண்டும்.

வங்கிக்கு எழுதி, வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு அந்தக் கடிதத்தை வாங்கினார். அடையாள அட்டை நகலோடு அறிக்கை நிறுவனத்துக்கு அனுப்பினார். வழக்குப் பதிவின் நிலை 'தீர்க்கப்பட்டது' என்று மாறியது. பிறகு வேறொரு வங்கியில் கடனும் கிடைத்தது. ஆனால் அவர்கள் ஆசைப்பட்ட வீட்டை அதற்குள் வேறொருவர் வாங்கிவிட்டார்.

நம் அறிக்கையைப் பார்க்கவும், தவறு இருந்தால் திருத்தக் கேட்கவும் 2010-ஆம் ஆண்டு கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. திருத்த மறுத்தால், நிதி அமைச்சின் கீழ் உள்ள இந்நிறுவனங்களுக்கான பதிவாளர் அலுவலகத்தில் புகார் செய்யலாம். சிசிரிஸ் அறிக்கையை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் பிழை இருந்தால் தகவல் அனுப்பிய வங்கியிடம் முதலில் கேளுங்கள்.

"பணம் கொடுங்க, உங்க பேரைச் சுத்தம் பண்ணித் தர்றோம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள். பிழையான பதிவைத் திருத்த நாமே மனுச் செய்யலாம். உண்மையான பதிவைக் காசு வாங்கிக்கொண்டு யாராலும் அழிக்க முடியாது. அடையாள அட்டை நகலையும் வங்கி விவரத்தையும் அவர்களிடம் கொடுத்தால் புதுத் தொல்லைதான் வரும்.

பாக்கி இன்னும் இருந்தால், காலம் போனால் மறந்துவிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். தீபகற்ப மலேசியாவில் ஒரு தீர்ப்பை 12 ஆண்டுகள் வரை அமல்படுத்த வழி உண்டு. தொகை 100,000 ரிங்கிட்டை எட்டினால் திவால் நடவடிக்கையும் வரலாம். கட்ட முடியாத நிலை என்றால் ஏகேபிகே-யை நாடுங்கள். 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த நிறுவனம் அது. கடன் ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. சம்மனே கைக்கு வராமல் தீர்ப்பு ஆகியிருந்தால், தெரிந்த உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அதை ரத்துச் செய்யக் கேட்க வழி இருக்கிறது. தாமதித்தால் அது கடினமாகும்.

வீடு பார்க்கப் போவதற்கு ஆறு மாதம் முன்பே கணவன், மனைவி இருவரும் தங்கள் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் கடன் என்ன ஆனது என்றும் கேளுங்கள். இனி எந்தக் கடனைக் கட்டி முடித்தாலும், தீர்வுக் கடிதம் இல்லாமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.