மீட்டர் ஓடுகிறது – 9: ஒன்றரை டன் ஐஸ்

ஃபேன், ஃபிரிட்ஜ் கணக்கெல்லாம் போன வாரத்தோடு முடிந்தது. மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கை எண்ணும் வித்தையை மறந்திருக்க மாட்டீர்கள்; இன்றைக்கும் அது வேண்டியிருக்கும். இந்த வாரம் ஏசி. அதன் செலவைக் கணக்கிடுவதும், 500 யூனிட் கட்டணப் படியைத் தாண்டாமல் தப்பிப்பதும் என்று இரண்டையும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

அதற்குள் வேளச்சேரி வாசகி ஒருவரிடமிருந்து கடிதம். "கடையில் ஒரு டன்னா, ஒன்றரை டன்னா என்று கேட்கிறார்கள். அந்தப் பெட்டியில் எது ஒன்றரை டன்?" அருமையான கேள்வி. பதில் ஐஸ்.

இயந்திரம் வருவதற்கு முன்னால் குளிர்ச்சி என்றால் காசு கொடுத்து வாங்கும் பனிக்கட்டிதான். குளிரூட்டும் இயந்திரத்தை விற்க வந்தவர்கள், அது எத்தனை டன் ஐஸின் வேலையைச் செய்யும் என்று சொல்லித்தான் விற்க முடிந்தது. அந்த அளவே நிலைத்துவிட்டது. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகி முடிக்க எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் வெளியேற்றும் இயந்திரம் ஒரு டன் இயந்திரம். உங்கள் ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு 57 கிலோ ஐஸ் உருகுவதற்குச் சமமான வேலையைச் செய்கிறது. எட்டு மணி நேரம் அப்படியே ஓடினால் 450 கிலோ. படுக்கையறைக்குள் இத்தனை ஐஸை இறக்கி வைத்ததாக எண்ணிப் பாருங்கள்!

அந்த ஐஸ் நம் ஊருக்கே கப்பலேறி வந்திருக்கிறது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பலில் சுமார் 180 டன் ஐஸை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம். வழியில் பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். போய்ச் சேரும்போது சுமார் 100 டன் உருகாமல் இருந்தது. அடுத்து பம்பாய், மெட்ராஸ். 1842 வாக்கில் மெட்ராஸ் கடற்கரையில் அவர் எழுப்பிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் தங்கிய அதே கட்டடம். இன்று விவேகானந்தர் இல்லம். அந்த வட்டாரத்தை இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறோம். அமெரிக்க எழுத்தாளர் தோரோ வசித்த வால்டன் குளத்திலும் 1846-47 குளிர்காலத்தில் இந்த வியாபாரத்துக்காக ஐஸ் வெட்டினார்கள். அதைப் பார்த்தவர், தன் குளத்துத் தண்ணீரை மெட்ராஸ்காரர்களும் குடிப்பார்கள் என்று தன் புத்தகத்தில் எழுதிவைத்தார். நான்கு நாளாக இதை யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, நூறு டன் எப்படிப் பிழைத்தது? மரத்தூளால். ஐஸைச் சுற்றி மரத்தூளை அடைத்து வெளிவெப்பம் உள்ளே வராமல் தடுத்தார்கள். கரன்ட் பில்லின் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, அறைக்குள் வந்த வெப்பத்தை வெளியே சுமந்துகொண்டு போய்க் கொட்டுகிறது. ஒன்றரை டன் என்றால் சுமார் 5,300 வாட் வெப்பம். அதைச் சுமக்க அது 1,500 வாட் அளவுக்கு மின்சாரம் கேட்கும். உள்ளே வரும் வெப்பம் குறைந்தால் இன்வெர்ட்டர் ஏசி தானாகவே நிதானமாகி 400, 500 வாட்டுக்கு இறங்கிவிடும். அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை மணிக்கணக்கால் பெருக்கினால் வருவது உங்கள் வீட்டுக் கணக்காக இருக்காது.

வாங்குவதற்கு முன் மதிப்பிட நட்சத்திர லேபிளைப் பாருங்கள். அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட், 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. 800 என்று இருந்தால் மணிக்கு சராசரியாக அரை யூனிட். வாங்கிய பிறகு மீட்டரையே நம்புங்கள். இரவு ஏசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணுங்கள். மீட்டர் முகப்பில் 3,200 என்று போட்டிருந்தால், 3,200 மினுக்கு ஒரு யூனிட். நிமிடத்துக்கு 32 என்றால் மணிக்கு 1,920, அதாவது 0.6 யூனிட். எட்டு மணி நேரத்துக்கு 4.8. இரண்டு மாத பில்லில் 288.

இன்னொரு மீட்டரும் உங்களிடம் இருக்கிறது. ஏசியின் வடிகால் குழாய்க்குக் கீழே ஒரு வாளியை வையுங்கள். காற்றிலிருக்கும் ஈரம் ஒரு லிட்டர் தண்ணீராக மாறும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றே குறைவான வெப்பத்தை உள்ளே விடுகிறது. அதை வெளியேற்ற ஏசிக்கு ஏறக்குறைய 0.2 யூனிட் மின்சாரம் செலவு. காலையில் வாளியில் பத்து லிட்டர் இருந்தால், இரண்டு யூனிட் அறையைக் குளிர்விக்காமல் கடற்காற்றைப் பிழிவதற்கே போயிருக்கிறது. மதுரையில் இது சிறிய கணக்கு. சென்னையிலும் தூத்துக்குடியிலும் பெரிய கணக்கு. மழை நாளில் ஏசி அறைக்குள் கொடி கட்டித் துணி உலர்த்துவதும், குளியலறைக் கதவைத் திறந்து போடுவதும், ஜன்னல் இடுக்கை அடைக்காமல் விடுவதும் இந்த வாளியைத்தான் நிரப்புகின்றன.

குறைக்கும் வழிகளில் முதலிடம் மொட்டை மாடிக்கு. மேல்தளத்தில் இருப்பவர்கள் இரவு பத்து மணிக்குப் படுக்கையறைக் கூரையில் கை வைத்துப் பாருங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் அப்போதுதான் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். மாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை பெயின்ட்டோ அடிப்பது அந்தப் பழைய மரத்தூளின் வேலையைச் செய்யும். மேற்கு ஜன்னலுக்கு உட்புறத் திரையைவிட வெளிப்புறத் தட்டி நல்லது. வெயில் கண்ணாடியைத் தாண்டுவதற்கு முன்பே நின்றுவிடும். வெளி யூனிட்டைக் கம்பிக் கூண்டுக்குள் நெருக்கி அடைக்காதீர்கள், அது கொட்டும் வெப்பத்துக்கு வெளியேற வழி வேண்டும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

அப்புறம் ரிமோட். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்கிறது நட்சத்திர லேபிளை வழங்கும் எரிசக்தித் திறன் செயலகமான பிஈஈ. 2020 முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்ததும் அதனால்தான். நான் 26-க்கு வாதாடுவேன், மேலே ஃபேன் மெதுவாக ஓடட்டும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் முடித்துக்கொள்ளும் என்று போன வாரம் பார்த்தோமே.

500 யூனிட் படிக் கணக்குக்கு இந்த வாரம் இடமில்லை. ஆனால் விஷயம் பெரியது. ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடும் வீட்டில் மேலே சொன்ன 288 சேர்ந்தால் 638. தாண்டிய 138 யூனிட்டுக்கு, 2024 ஜூலை உயர்வுக்குப் பிந்தைய கட்டணப்படி எட்டு, ஒன்பது ரூபாய் விலை. அதோடு 500-க்குள் இருந்தவரை கிடைத்த சலுகையில் ஒரு பகுதியும் கைவிட்டுப் போகும். அடுத்த வாரம் அதைப் படி படியாகப் பிரிக்கிறேன். ஈபி கார்டில் இருக்கும் கடைசி ஆறு ரீடிங்கையும் எடுத்து வையுங்கள்.

(ஓடும்)