மதுரையும் பலாலியும்

எழுமலைவாசி ஒருவர் விமானமேறி யாழ்ப்பாணம் செல்ல விரும்பினால் வழி யாது? மதுரையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் அமைந்த விமான நிலையங்கள். இடைத்தூரம் நேர்க்கோட்டில் சுமார் 217 கிலோமீட்டர். சிறு விமானத்துக்கு ஒரு மணி நேரப் பிரயாணமே. ஆயினும் சென்னை மார்க்கமாகச் செல்வோர் வடக்கே 417 கிலோமீட்டர் ஏறி, மீண்டும் தெற்கே 355 கிலோமீட்டர் இறங்க வேண்டும். நடுவில் காத்திருக்கும் நேரத்தை யார் கணக்கிடுவது!

1947 டிசம்பர் 10-ந் தேதி ஏர் சிலோனின் டகோட்டா விமானம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியே சென்னைக்குப் பறந்தது. பிற்பாடு நெடுங்காலம் நின்றிருந்த சென்னை-பலாலி சேவை 2019 நவம்பர் 11-ல்தான் மீண்டது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் அது கிட்டிற்று, மகிழ்ச்சியே. ஆனால் 2012-லேயே கொழும்புக்கு விமானம் விட்ட மதுரையில் சுங்க உத்தியோகஸ்தர்கள் இல்லையா? சர்க்காரும் விமானக் கம்பெனிகளும் பதில் கூறுமாறு கேட்கிறோம்.