‘ஓரிரு இடங்களில்’ என்றால் எத்தனை இடம்?

புரட்டாசி பிறந்துவிட்டால் தூத்துக்குடி மாவட்டத்தின் புதூர் வட்டாரத்துக் கரிசல் காட்டில் ஒரே பேச்சுதான்: புழுதியிலேயே விதைத்துவிடுவதா, மழை விழட்டும் என்று காத்திருப்பதா? உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், பருத்தி எல்லாமே இங்கே வானத்தை நம்பிய மானாவாரி. முந்தி விதைத்து, அரைகுறை மழையில் முளைத்துக் கருகினால் விதைக்கூலியும் உழவுக்கூலியும் போச்சு. காத்திருந்தால் கரிசல் நனைந்து களியாகிவிடும். கால் வைத்தாலே அப்பிக்கொள்ளும், டிராக்டர் இறங்காது. பதம் வருவதற்குள் பருவம் ஓடிவிடும்.

இதற்கு வேளாண் துறையினர் சொல்லும் ஒரு வழி அசத்தலானது. மழைக்கு முன்பே, சுமார் 5 செ.மீ. ஆழத்தில் விதையைப் போட்டுவிட வேண்டும். தூறலுக்கு மேல்மண் மட்டும் நனையும், விதை அசையாது. அந்த ஆழத்துக்கு ஈரம் இறங்கும் நல்ல மழை விழுந்தால்தான் முளைக்கும். எவ்வளவு ஈரம் போதும் என்ற முடிவை ஆழமே எடுத்துவிடுகிறது.

ஆனால் எந்த வாரம் விதைப்பது என்பதை ஒரு மனிதர் சொல்லியாக வேண்டும். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வெளிவரும் வானிலை அறிக்கையில் அடுத்த 5 நாட்களுக்கான கணிப்பு இருக்கும். நாளை நடப்பதை இன்றே சொல்லி, நாளை மறுநாளும் அதே மக்கள் முன்னால் நிற்க வேண்டிய தொழில் இது. பேச்சில் நம்பகம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க இதைவிடக் கடுமையான சோதனைக்கூடம் கிடையாது.

2016 மார்ச்சில் ஓய்வுபெறும் வரை, சென்னை வானிலை மையத்தின் எஸ்.ஆர். ரமணன் தொலைக்காட்சியில் பேசிய நடை நினைவிருக்கும். ‘ஓரிரு இடங்களில்’, ‘ஒருசில இடங்களில்’ என்ற சொற்கள் பலருக்கும் வழவழா பேச்சாகப் பட்டிருக்கலாம். உண்மையில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. வானிலைத் துறையின் கணக்கில், ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை மழை பதிவானால் ‘ஓரிரு இடங்களில்’. கால் முதல் அரைப்பங்கு ‘ஒருசில இடங்களில்’. அரை முதல் முக்கால் ‘அநேக இடங்களில்’. அதற்கும் மேல் ‘பெரும்பாலான இடங்களில்’. வெறும் தூறல் கணக்கில் சேராது; குறைந்தது 2.5 மி.மீ. விழ வேண்டும். ஆக, ‘ஓரிரு இடங்களில்’ என்று அறிவித்த நாளில் புதூர் காய்ந்து கிடந்தால் கணிப்பு பொய்த்ததாகாது. நான்கில் மூன்று ஊர் காயும் என்பதும் அந்த அறிவிப்பிலேயே அடக்கம்.

மழையின் அளவுக்கும் இப்படித்தான். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-ஐத் தொட்டால் அதி கனமழை. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்பதே 4,000 லிட்டருக்கு மேல். மொட்டைமாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி நான்கு. அப்படியானால் 7 செ.மீ. மழை, ஏக்கருக்கு 280 தொட்டி! ஆனால் கடைசிப் படிக்கு மேல்வரம்பு இல்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. ஒரு வருஷ மழையை மிஞ்சிய அந்த வெள்ளத்துக்கும் 21 செ.மீ. மழைக்கும் இந்தப் படிநிலையில் பெயர் ஒன்றுதான். மழையின் அளவைச் சொல்லும் படிநிலைக்கு உச்சம் இல்லாமல் விடுவது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

சரி, கணித்தவர் நம்பகமானவரா என்று எப்படி அளப்பது? அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர் 1950-இல் ஒரு வழி சொன்னார். உறுதியைச் சதவீதமாகச் சொல்ல வேண்டும். மழை வந்தால் 1, வராவிட்டால் 0. சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை அந்த இடைவெளியாலேயே பெருக்கினால் கிடைப்பது ‘பிரையர் மதிப்பெண்’. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. 70 சதவீதம் என்று சொல்லி மழை வந்தால் 0.09, வராவிட்டால் 0.49. நூறு சதவீதம் என்று அடித்துச் சொல்லி வராமல் போனால் முழுதாக 1.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் மனதுக்குள் 70 சதவீத நம்பிக்கைதான், அது சரியான மதிப்பீடும்கூட என்று வைத்துக்கொள்வோம். உள்ளதை உள்ளபடி சொன்னால், நாளடைவில் உங்கள் சராசரி 0.21. கெத்தாகத் தெரியட்டும் என்று நூறு சதவீதம் என்றால் 0.30. எதற்கு வம்பு என்று பாதிக்குப் பாதி என்று நழுவினால் 0.25. வீறாப்புக்கும் அபராதம், நழுவலுக்கும் அபராதம்! மனதில் இருப்பதை அப்படியே சொல்பவருக்கு மட்டும் குறைந்த மதிப்பெண். நேர்மைக்குச் சாதகமாக ஒரு சூத்திரத்தையே கட்டிவிட்டார் பிரையர். தினமும் இப்படித் திருத்தப்படுகிற வானிலையாளர்கள், 70 சதவீதம் என்று சொன்ன நாட்களில் ஏறக்குறைய 70 சதவீதம் மழை பெய்யும் அளவுக்குத் தேறியதும் பின்னாளில் ஆய்வுகளில் தெரிந்தது. சொல்லும் உறுதியும் நடக்கும் விகிதமும் இப்படி ஒட்டி வருவதை ‘அளவொப்பு’ எனலாம்.

அலுவலகத்திலும் நேர்முகத் தேர்விலும் அடித்துப் பேசுபவருக்குத்தானே மதிப்பு என்று கேட்கலாம். முதல் பத்து நிமிடத்துக்கு அது உண்மைதான். உளவியல் ஆய்வாளர் எலிசபெத் டென்னி குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பிறகு நடப்பதைக் காட்டியது. ஒரு சாட்சி உறுதியாகப் பேசுகிறார். இன்னொருவர் தெரிந்த அளவுக்கே சொல்கிறார். முதலில் எடுபட்டது உறுதிச் சாட்சி. இருவரும் ஒரு விஷயத்தைத் தவறாகச் சொன்னது தெரிந்ததும் தராசு புரண்டது. தயங்கிச் சொன்னவரையே மக்கள் கூடுதலாக நம்பினார்கள். அடித்துச் சொன்னவர் பிழைபடச் சொன்னால், அவருடைய மற்ற வார்த்தைகளும் சேர்ந்தே சரிகின்றன.

அதற்காக மழுப்பலும் கூடாது. 1951-இல் யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க ‘கணிசமான வாய்ப்பு’ என்று அமெரிக்க உளவுத் துறை எழுதியது. எழுதிய குழுவிடமே அதே துறையின் ஷெர்மன் கென்ட் விசாரித்தார்: நீங்கள் நினைத்தது எத்தனை சதவீதம்? ஒருவர் 20 என்றார், இன்னொருவர் 80 என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்ட வாக்கியம் அது.

நம் அலுவலகங்களில் ‘முடிச்சிரலாம் சார்’, ‘பார்த்துக்கலாம்’ என்பவை இதே ரகம். வெள்ளிக்குள் வேலை முடியும் என்று சொல்ல நேர்ந்தால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “வெள்ளிக்குள் முடிய 70 சதவீதம் வாய்ப்பு. மீதி முப்பது, மதுரையிலிருந்து சரக்கு வருவதைப் பொறுத்தது. புதன் மதியம் தெரிந்துவிடும், அப்போது சொல்கிறேன்.” இதில் குழைவும் இல்லை, வீறாப்பும் இல்லை. எவ்வளவு உறுதி, எதைப் பொறுத்து, எப்போது தெளியும் என்ற மூன்றும் இருக்கின்றன. கேட்பவர் தன் வேலையை அதை வைத்துத் திட்டமிடலாம், விதைப்பை விவசாயி திட்டமிடுவதுபோல.

ஒரு சின்ன நோட்டு போதும். இந்த மாதம் அலுவலகத்தில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு கெடுவுக்கும் பக்கத்தில் சதவீதத்தை எழுதுங்கள். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 போடுங்கள். மாதக் கடைசியில் பிரையர் கணக்கைப் போட்டுச் சராசரி பாருங்கள். 0.25-க்குக் கீழே வந்தால், எல்லாவற்றுக்கும் பாதிக்குப் பாதி என்று சொல்பவரைவிட உங்கள் வாக்குக்கு மதிப்பு அதிகம்.