இணையக் கடை: திறக்கும் முன் அறிய வேண்டியவை

1984ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள கேற்ஸ்ஹெட் நகரில், ஜேன் ஸ்னோபோல் என்னும் 72 வயது மூதாட்டி தமது வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து மார்ஜரின், கோர்ன் பிளேக்ஸ், முட்டை ஆகியவற்றைத் தெரிவுசெய்தார். தொலைபேசிக் கம்பி வழியே அவரது கட்டளை ரெஸ்கோ அங்காடியைச் சென்றடைந்தது. பொருட்கள் வாசலுக்கு வந்தன. அவர் பணத்தைக் கையிற் கொடுத்தார். மைக்கேல் ஓல்ட்றிச் 1979இல் உருவாக்கிய முறையே இதற்கு அடிப்படையாகும்.

பொருட்பட்டியல், கட்டளை ஏற்கும் வழி, பணம் பெறும் வழி, பொருளைக் கொண்டுசேர்க்கும் வழி என்னும் இந்த நான்குமே இன்றைய இணையக் கடைக்கும் உறுப்புகள். எனினும் ஒருவரையொருவர் அறியாத இருவர் தொலைவிலிருந்து கொடுக்கல் வாங்கல் செய்யும்போது நம்பிக்கை என்னும் ஐந்தாவது உறுப்பும் வேண்டியதாகிறது. 1994 ஓகஸ்ட் 11இல் அமெரிக்காவின் நெற்மார்க்கெற் நிறுவனம், மறைகுறியாக்கத்தாற் காக்கப்பட்ட கடனட்டை இலக்கத்தைப் பெற்று ஓர் இசைத்தட்டை விற்றதோடு இணைய வணிகம் அந்த நம்பிக்கைக்கும் வழி கண்டது.

புடவை, மிளகாய்த்தூள், பலகாரம், நூல் எனப் பலவற்றை இணையத்தில் விற்க எம்மவர் பலர் முன்வருகின்றனர். முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் கடையின் அழகிற் காட்டும் அக்கறையைப் பலர் அதன் அடித்தளத்திற் காட்டுவதில்லை.

பெயரும் இடமும்

இணையக் கடைக்கு ஒரு தளப்பெயரும், அதன் பக்கங்கள் குடியிருக்க ஒரு வழங்கியும் தேவை. இரண்டுக்கும் குறித்த தவணையிற் கட்டணம் செலுத்த வேண்டும். கணினி அறிந்த உறவுப் பையன் ஒருவன் தன் பெயரிலேயே தளப்பெயரைப் பதிவுசெய்து கொடுப்பது எம்மிடையே வழக்கம். பின்னர் மனக்கசப்பு வந்தால், கடையின் பெயர்ப்பலகை அவன் கையிலேயே இருக்கும். எனவே பதிவும் கடவுச்சொல்லும் உரிமையாளரிடமே இருத்தல் வேண்டும்.

கடைக்கான மென்பொருளைப் புதிதாக எழுதுவிக்கத் தேவையில்லை. வேர்ட்பிரஸ் தளங்களில் இயங்கும் வூகொமர்ஸ் 2011 முதல் கிடைக்கிறது. கனடாவின் ஷொப்பிஃபை, பனிச்சறுக்குப் பலகைகளை விற்க முயன்றவர்கள் தமக்கேற்ற மென்பொருள் இன்மையால் தாமே ஒன்றை எழுதியதிலிருந்து பிறந்தது. முன்னையதிற் பராமரிப்பு உங்கள் பொறுப்பு. பின்னையதில் மாதச் சந்தா செலுத்த வேண்டும்.

பட்டியல்

பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாத வாடிக்கையாளருக்குப் பட்டியலே கண்ணும் கையும். நிறை, அளவு, முழு விலை, இருப்பு என்பன தெளிவாக இருத்தல் வேண்டும். உணவுப் பொருளாயின், ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருட்கள் பற்றிய விபரம் வாங்குமுன்பே வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும். எமது சமையலில் நீங்கா இடம்பெற்ற எள், கடுகு, நிலக்கடலை மூன்றும் அந்த 14இல் அடங்கும். விற்கப்படும் நாட்டு மக்களுக்கு எளிதில் விளங்கும் மொழியில் இவை எழுதப்பட வேண்டும். தமிழில் மட்டும் எழுதினாற் போதாது.

பணமும் பொதியும்

வாடிக்கையாளரின் அட்டை இலக்கத்தை நீங்கள் குறித்து வைக்கவே கூடாது. அப்பணியை அனுமதி பெற்ற கொடுப்பனவு நிறுவனத்திடம் விட்டுவிடுங்கள். அது ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை உங்கள் வங்கிக்கு அனுப்பும். பொருள் கிடைக்கவில்லை என ஒருவர் முறையிட்டாற் பணம் திருப்பி எடுக்கப்படலாம். ஆகவே தபாற் பற்றுச்சீட்டுகளைப் பேணி வையுங்கள்.

இலாபம் பெரும்பாலும் கரைவது தபாற் செலவில்தான். ஒரு கிலோ மிளகாய்த்தூளில் 5 யூரோ மிஞ்சும் என்றும், பொதிக்கு 6 யூரோ செலவாகும் என்றும் வைத்துக்கொள்வோம். ‘இலவசமாக அனுப்பப்படும்’ என்று விளம்பரம் செய்பவர் ஒவ்வொரு பொதியிலும் 1 யூரோவை இழக்கிறார். வியாபாரம் பெருகப் பெருக இழப்பும் பெருகும். சுவிற்சர்லாந்து, நோர்வே, 2021 முதல் பிரித்தானியா ஆகியவற்றுக்கு ஒன்றிய நாடுகளிலிருந்து செல்லும் பொதிகளுக்குச் சுங்கப் பத்திரமும் தேவை.

சட்டமும் வரியும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைய வழி வாங்கியவர், பொருள் கிடைத்து 14 நாட்களுக்குள், காரணம் கூறாமலே கொள்வனவை இரத்துச் செய்யலாம். புடவைக்கு இது பொருந்தும். அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் விரைவிற் பழுதடையும் பலகாரத்துக்கும் பொருந்தாது. இவ்வுரிமையை வாடிக்கையாளருக்கு அறிவிக்கத் தவறினால், அக்காலம் மேலும் 12 மாதங்கள் நீளும்.

ஒன்றியத்தின் ஏனைய நாடுகளிலுள்ள நுகர்வோருக்குச் செய்யும் விற்பனை ஆண்டுக்கு மொத்தமாக 10,000 யூரோவைத் தாண்டினால், வாங்குபவரின் நாட்டுக்குரிய பெறுமதி சேர் வரியை அறவிட வேண்டும். 2021 ஜூலை முதல் அதனை ஒரே இடத்திற் செலுத்தும் வசதி உண்டு.

ஜேர்மனியில், விற்பவரின் பெயரும் உண்மையான முகவரியும் தளத்தில் வெளியிடப்பட வேண்டும். தபாற்பெட்டி இலக்கம் போதாது. தம் இருப்பிடத்தை வெளியிட அஞ்சும் காரணங்கள் எம்மவரிற் சிலருக்கு உண்டு. அத்தகையோர் கடை திறக்கும் முன்னரே இதைச் சிந்தித்தல் நன்று.

யார் திறக்கலாம்?

எல்லாவற்றினும் முதன்மையான வினா இதுவே. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தின் 18ஆம் உறுப்புரை சுயதொழில் பற்றிப் பேசுகிறது. ஜேர்மனியில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் சுயதொழில் செய்யலாம். ஆனால் விண்ணப்பம் விசாரணையிலிருக்கும் காலத்தில், ஜேர்மனியிலோ பிரித்தானியாவிலோ சுயதொழிலுக்கு இடமில்லை. கூலி வேலைக்கு அனுமதி கிடைத்தவருக்கும் இது பொருந்தும்.

வீட்டு அறையிலிருந்து சிறு அளவில் விற்பதுதானே, யாருக்குத் தெரியும் என எண்ணுதல் கூடாது. இணையக் கடை ஊரறியத் திறந்த கடை. அதன் வங்கிக் கணக்கும் தபாற் பதிவும் எழுத்திலுள்ள சான்றுகள். உறவினர் பெயரில் நடத்தினால், வரியும் கடனும் வழக்கும் அந்த உறவினரையே சென்று பற்றும். பல ஆண்டுகள் காத்திருந்த தஞ்சக் கோரிக்கையைச் சில நூறு யூரோக்களுக்காக இடருக்குள்ளாக்குவது எவ்வகையிலும் தகாது.

ஆகவே முதலில் உங்கள் வதிவிடப் பத்திரத்தில் தொழில் பற்றி எழுதப்பட்டுள்ளதைப் படியுங்கள். விளங்காவிடிற் சட்டத்தரணியிடமோ ஆலோசனை நிலையத்திலோ கேளுங்கள். அனுமதி இருப்பின் தொழிலைப் பதிவுசெய்து, பத்துப் பொருட்களோடு தொடங்குங்கள். அனுமதி கிட்டும் வரை காத்திருப்போர் நாட்டு மொழியையும் கணக்குப் பதிவையும் கற்கலாம். கடையைத் திறக்கும் நாளில் அவ்விரண்டுமே முதலாகப் பயன்படும்.